புறவாசலுக்குக் கீழே ஒரு தொட்டி: மேலே என்ன நடலாம், என்ன நடக்கூடாது?



இந்த மாதத் தாளில் நான் எழுத எடுத்துக்கொண்டது செப்டிக் டேங்க் பற்றி. தலைப்பைப் பார்த்ததும் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து ஓவியத்தைப் பார்க்கப் போய்விடுவீர்கள் என்று தெரியும். ஆனால் சங்கரன்கோவிலில் நம்மில் பெரும்பாலானோர் வீட்டுப் புறவாசலில் ஒரு தொட்டி இருக்கிறது. அதன் மேல்தான் துணி காயப்போடுகிறோம், பைக் நிறுத்துகிறோம், தம்பி தங்கச்சிகள் விளையாடுகிறார்கள். அந்த இடத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம் பாடப்புத்தகத்தில் இல்லை. எங்கள் வீட்டில் புறவாசலைச் சீர்செய்யும் வேலை வந்ததால் நான் இதைப் படித்தேன், அளந்தேன், எழுதுகிறேன்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதி வேலையைச் செய்வது மண். ஆகவே தொட்டியைச் சுற்றியுள்ள புறவாசலும் கழிவறையின் ஒரு பகுதிதான்!

1. தொட்டிக்குள் நடப்பது என்ன?

செப்டிக் என்ற சொல்லுக்கு ‘அழுகச் செய்வது’ என்று பொருள். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மூராஸ் என்பவர் இப்படி ஒரு தொட்டியைக் கட்டி 1881-ல் காப்புரிமை பெற்றார். பிறகு இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் என்பவர் 1895 வாக்கில் கட்டிய தொட்டிக்குத்தான் ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயர் வந்தது.

கழிவு தொட்டிக்குள் சுமார் ஒரு நாள் அசையாமல் தங்குகிறது. அப்போது மூன்று அடுக்காகப் பிரிகிறது. எண்ணெய், கொழுப்பு எல்லாம் பாலில் ஆடை படிவதுபோல மேலே மிதக்கும். கனமானது அடியில் வண்டலாகத் தங்கும். நடுவில் இருப்பது கலங்கிய தண்ணீர். காற்று இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் வண்டலைத் தின்று கரைக்கின்றன. அப்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. அவை வெளியேறத்தான் காற்றுக் குழாய்.

நடு அடுக்குத் தண்ணீர் மட்டும் வெளியே போகிறது. அது பார்க்கத் தெளிந்திருந்தாலும் சுத்தமான தண்ணீர் இல்லை. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை தரும் கிருமிகள், புழு முட்டைகள் எல்லாம் அதில் இருக்கலாம். இந்தத் தண்ணீர் உறிஞ்சு குழிக்கோ, ஜல்லி போட்ட வாய்க்காலுக்கோ போய் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதை நேராகத் தெரு வாறுகாலில் விட்டால் வீட்டுக்குள் இருந்த நோயைத் தெருவுக்குக் கொடுத்தது போலத்தான்.

2. மண் செய்யும் மீதி வேலை

மண் துகள்களுக்கு நடுவே சிறு சிறு காற்று அறைகள் இருக்கின்றன. கழிவுநீர் அவற்றின் வழியாக மெதுவாக இறங்கும்போது மண் வடிகட்டுகிறது. காற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த அழுக்கைச் சாப்பிடுகின்றன. நோய்க்கிருமிகள் அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் குறைகின்றன. செடியின் வேர்கள் ஈரத்தை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கி அனுப்புகின்றன.

இதற்கெல்லாம் தேவை காற்று. மண்ணை மிதித்து இறுக்கினாலும், தண்ணீரால் நிரப்பினாலும், மேலே சிமெண்ட் தளம் போட்டாலும் காற்று குறையும். மண்ணின் வேலை நின்றுபோகும்.

நம் ஊர்க் கோவில் புற்றுமண்ணை மருந்து என்று நம்பி எத்தனையோ ஊர்க்காரர்கள் எடுத்துப் போகிறார்கள். மண்ணை மதிப்பது நமக்குப் புதிதல்ல. புறவாசல் மண்ணுக்கும் அதில் கொஞ்சம் மரியாதை கொடுத்தால் போதும்.

3. செய்து பார்ப்போம்: உங்கள் மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கும்?

செப்டிக் டேங்க் கட்டுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2470 என்ற விதித்தொகுப்பை 1985-ல் வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு எளிய சோதனை உண்டு. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு நாமே செய்யலாம். ஏற்கனவே இருக்கும் தொட்டிக்கும் குழிக்கும் பக்கத்தில் தோண்டாமல், தள்ளி ஒரு இடத்தில் செய்ய வேண்டும்.

• ஒரு சாண் அகலத்தில், வாய்க்கால் வரப்போகும் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டவும். பக்கங்களைக் கம்பியால் கீறி, உதிரி மண்ணை அள்ளிவிடவும்.

• அடியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பெருமணல் அல்லது பொடி ஜல்லி போடவும்.

• 30 செ.மீ. உயரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடவும்.

• மறுநாள் தண்ணீர் மட்டத்தை ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. ஆக்கி, 30 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஸ்கேலால் அளக்கவும்.

• 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிடவும். முப்பதை இறங்கிய மில்லிமீட்டரால் வகுத்து, 25-ஆல் பெருக்கினால் விடை.

எங்கள் புறவாசல் கரிசல் கலந்த மண். அரை மணி நேரத்தில் 20 மி.மீ. இறங்கியது. கணக்குப்படி 37½ நிமிடம். என் தோழி வீடு செவல் மண்ணில் இருக்கிறது. அங்கே 50 மி.மீ. இறங்கியது. அவளுக்கு 15 நிமிடம்தான்! ஒரே ஊர், இரண்டு மண், இரண்டு விடை.

விடையை எப்படிப் படிப்பது? 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழியே போதும். 30 முதல் 60 நிமிடம் என்றால் நீளமான ஜல்லி வாய்க்கால்தான் ஏற்றது. 60 நிமிடத்துக்கு மேல் என்றால் அந்த மண்ணை நம்ப முடியாது. ஜல்லி வடிகட்டி போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். மழையில் உப்பிக்கொண்டு வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் சுத்தக் கரிசலில் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்து பார்க்க வேண்டும்.

ஜல்லி வாய்க்கால் என்பது அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஆழமாகத் தோண்டி, 15 முதல் 25 செ.மீ. கழுவிய ஜல்லி போட்டு, மூட்டுகளில் இடைவெளி விட்ட குழாயைப் பதித்து, மேலே மண் மூடுவது. இரண்டு வாய்க்காலுக்கு நடுவே 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். ஒரு வாய்க்கால் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது.

4. நடுவதற்கு முன்னால் வரையுங்கள்

செடி வாங்கும் முன் ஒரு தாளில் புறவாசலை வரைய வேண்டும். தொட்டி, மூடி, காற்றுக் குழாய், உறிஞ்சு குழி, கிணறு, போர், மழைநீர்க் குழி எல்லாவற்றையும் சுவர் மூலையிலிருந்து அடிக்கணக்கில் அளந்து குறிக்க வேண்டும். இடம் தெரியாவிட்டால் கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, காற்றுக் குழாய் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும். மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது!

குறித்த பிறகு இந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். உறிஞ்சு குழி அல்லது வாய்க்காலிலிருந்து குடிநீர்க் கிணறு குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். குடியிருக்கும் கட்டடம் 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி தள்ளி இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டை நாங்கள் வாங்கும்போதே கிணறும் தொட்டியும் இருந்தன. டேப் வைத்து அளந்தால் கிணற்றுக்கும் குழிக்கும் 38 அடிதான்! அன்று ராத்திரி வீட்டில் இதுதான் பேச்சு. “நாப்பது வருசமாக் குடிச்ச கிணறாம்டி இது” என்றார்கள் ஆச்சி. எத்தனை வருடம் குடித்தார்கள் என்பது சோதனை ஆகாது. கழிவுநீரில் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கிணற்றுக்குப் போகக் கூடியது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். அதிகமானால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், உடல் நீலம் பாயும். எங்கள் அத்தை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறார்கள். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் துணி துவைக்கவும் செடிக்கும் மட்டும் என்று முடிவானது. ஆச்சிக்கு வருத்தம்தான். ஆனால் “பச்சப்புள்ள வர்ற வீடு” என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

மழைநீர்க் குழியும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீரை உறிஞ்சு குழிக்குள் விட்டால் ஐப்பசி மழையில் குழி நிரம்பி, கழிவறைத் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பும். அதோடு மண் வடிகட்டாத கழிவு நிலத்தடி நீரில் கலக்கும். இரண்டும் தனித்தனிக் குழி, தள்ளித் தள்ளி.

5. என்ன நடக்கூடாது?

ஆல், அரசு, அத்தி, வேம்பு, புளி, புங்கை, மா, முருங்கை, தென்னை எதுவும் தொட்டிக்கும் குழிக்கும் பக்கத்தில் கூடாது. நம் ஊரில் பங்குனி, சித்திரையில் புறவாசல் முழுவதும் காய்ந்து கிடக்கும்போது உறிஞ்சு குழி மட்டும் ஈரமாக இருக்கும். ஈரமும் உரமும் ஒரே இடத்தில் இருந்தால் வேர் விடுமா? குழாய் மூட்டில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் நுழைந்துவிடும். உள்ளே போய்த் தடித்து, குழாயை அடைத்து, சுவரைப் பிளக்கும்.

எங்க ஆச்சி சொன்னது இது: “ஏட்டி, அந்தக் குழிப் பக்கம் எப்பவும் ஈரமாத்தான் கெடக்கு. ஒரு முருங்கைக் கம்ப ஊணி வச்சா தண்ணி ஊத்தாமலே வளந்துரும்லா?”

“தண்ணி ஊத்தாம வளந்தா அது குழிக்குள்ள இருந்து குடிக்குன்னு அர்த்தம் ஆச்சி” என்றேன். முருங்கைக் கம்பு இப்போது காம்பவுண்டு மூலையில், குழியிலிருந்து 30 அடி தள்ளி நிற்கிறது. துளிர்த்தும் விட்டது!

பொதுவாக ஒரு மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நல்லது என்பார்கள். ஏற்கனவே நிற்கும் வேப்பமரத்தை வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா என்று கவனித்து வாருங்கள். குழியை மாற்றும் காலம் வரும்போது மரத்தை விட்டுத் தள்ளித் தோண்டச் சொல்லுங்கள்.

காய்கறியும் கீரையும் கூடாது. தண்டங்கீரை, வெங்காயம், முள்ளங்கி, கிழங்கு வகைகள் குழி மேலும் ஜல்லி வாய்க்கால் மேலும் செழிப்பாக வளரும். ஆனால் உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கீரையோடு ஒட்டிக்கொண்டு நம் வயிற்றுக்கே திரும்பி வரும். கொக்கிப் புழுவின் குட்டியோ வெறுங்காலில் தோலைத் துளைத்தே உள்ளே போகும். பள்ளியில் நமக்குக் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்களே, அது இந்தப் புழுக்களுக்காகத்தான்.

6. என்ன நடலாம்?

வேர் ஆழம் போகாத, அதிகத் தண்ணீர் கேட்காத, மண்ணை மூடிக் காக்கும் செடிகள்தான் நமக்குத் தேவை.

• அருகம்புல்: முதல் இடம் இதற்குத்தான். மண்ணைக் கட்டிப் பிடிக்கும், மழையில் அரிக்காது, எளிதில் சாகாது.

• பத்துமணிப் பூ: வெயிலைத் தாங்கும், தரையோடு படரும்.

• கனகாம்பரம், கேந்தி, செவ்வந்தி: பூவும் கிடைக்கும், பிடுங்கி நடுவதும் சுலபம். பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊரில் பூவுக்கு இடம் இல்லாமலா? மல்லிகையும் பிச்சியும் புதராகி வேர் ஊன்றும். அவற்றைக் கொஞ்சம் தள்ளி ஓரத்தில் வைக்கலாம்.

• நித்தியகல்யாணி: வறட்சியிலும் பூக்கும். ஆனால் தின்றால் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்க வேண்டும்.

• கல்வாழை, வாழை: இவை ஈரம் விரும்பிகள். தொட்டி மேலோ குழி மேலோ வேண்டாம். குளியலறை, சமையலறைத் தண்ணீர் போகும் பாத்திக்கு இவற்றைப் போல உதவுபவை இல்லை.

செடியும் ஜல்லியும் சேர்ந்து கழிவுநீரைச் சுத்தம் செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சியும் இருக்கிறது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் கழிவுநீர், காற்றில்லாத் தொட்டிகளைத் தாண்டி, செடிகள் வளர்ந்த ஜல்லிப் படுகை வழியாகப் போய், குளத்தில் தெளிந்து, அங்குள்ள தோட்டத்துக்குப் பாய்கிறது. பார்ப்பவர்களுக்கு அது பூங்கா மாதிரிதான் தெரியும்!

7. தளமா, மண்ணா?

வேலைக்கு வந்த கொத்தனார் அண்ணாச்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது. “மண்ணா விட்டா சேறு, கொசு. ஆடித்தபசுக்குச் சொந்தக்காரங்க வருவாங்க. முழுசும் தளம் போட்டுருவோம், கூட்டி விட்டா பளிச்சுன்னு இருக்கும்” என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

நான் என் படத்தைக் காட்டினேன். உறிஞ்சு குழி மேல் தளம் போட்டால் மண்ணுக்குக் காற்று போகாது, ஈரம் ஆவியாகாது. தொட்டி மூடி தளத்துக்குள் புதைந்தால் சுத்தம் செய்ய வரும்போது உடைக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். கொசுவுக்கோ மருந்து வேறு. கழிவுநீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு தளம் போட்டதால் நிற்காது. மூடியின் விரிசலை அடைத்து, காற்றுக் குழாய் வாயில் கொசுவலைக் கம்பி கட்டினால் நிற்கும்.

கடைசியில் அண்ணாச்சியே ஒரு யோசனை சொன்னார். சமையலறையிலிருந்து துவைக்கிற கல் வரை மூன்றடி அகலத்துக்கு மட்டும் தளம். மற்ற இடம் மண். குழி இருக்கும் இடத்தை நடுவில் லேசாக மேடாக்கி, மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துபோக வாட்டம் கொடுத்தார். மேடு போடும்போது அரை அடிக்கு மேல் மண் கொட்டவில்லை. அதிகம் கொட்டினால் காற்று போகாது அல்லவா! சிமெண்ட் செலவும் குறைந்தது.

இன்னும் சில விதிகள்:

• தொட்டி மேலும் குழி மேலும் கார், ஆட்டோ, டிராக்டர் ஏற்றக் கூடாது. மாடு கட்டக் கூடாது. செங்கல், மணல் குவிக்கக் கூடாது.

• பூந்தொட்டி வைக்கலாம், ஆனால் மூடி மேல் வேண்டாம்.

• காற்றுக் குழாயில் கொடி ஏற்றக் கூடாது. அது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மாடியைவிட 2 மீட்டர் உயரமாக இருக்க வேண்டும்.

• சருகு எரிப்பது, பொங்கல் அடுப்பு மூட்டுவது எல்லாம் தொட்டியை விட்டுத் தள்ளி. உள்ளே இருப்பது எரியும் வாயு!

• குழி மேல் உள்ள செடிக்குக் குடம் குடமாக ஊற்றக் கூடாது. கை தெளிப்பு போதும்.

• செருப்பு போட்டு வேலை செய்து, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

நெசவாளர் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் புறவாசலே இல்லையே என்று கேட்பீர்கள். அங்கே செடிக்கு இடமில்லை. ஆனால் மூடியைப் பூசி மறைக்காமல் வைப்பதும், காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவதும், காலத்தில் சுத்தம் செய்வதும் எந்த வீட்டுக்கும் முடியும்.

8. மூடி: இது உயிர் விஷயம்

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் உள்ள தொட்டி போதும் என்கிறது விதித்தொகுப்பு. ஒரு மீட்டர் என்பது நமக்கு இடுப்பளவு. அங்கன்வாடிக் குழந்தைக்குத் தலைக்கு மேல்!

2025 ஜனவரி 3 அன்று விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளி வளாகத்தில் எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனாள். துருப்பிடித்த இரும்பு மூடி பற்றி அப்போது எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. நம் வீட்டு மூடியும் வெயிலிலும் மழையிலும்தானே கிடக்கிறது? துருப்பிடித்த தகடோ விரிசல் விட்ட சிலாப்போ இருந்தால் இன்றே பெரியவர்களிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். செடி வைத்து மூடியை மறைக்காதீர்கள். சுற்றிலும் இரண்டடி வெறும் புல்லாக விடுங்கள். அது மூடி என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மூடி தெளிவாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வண்டலை எடுக்க வேண்டும். மூடி கிடைத்தால் லாரியின் குழாயை விட்டு உறிஞ்சிவிடலாம். மூடி தளத்துக்கு அடியில் புதைந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் எடுக்காமல் விட்டால் வண்டல் கெட்டியாகிவிடும். “யாராவது ஒரு ஆள உள்ள எறக்குங்க” என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே அது கொன்றுவிடும். வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளை நாமே படித்திருக்கிறோம்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரரும் இதில் தப்ப முடியாது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தக் கொடுமையை ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சனுக்கு 2016-ல் மகசேசே விருது கிடைத்தது. விருது வேண்டாம், நம் புறவாசலில் மூடியைப் புதைக்காமல் வைத்தால் நாமும் அந்தப் போராட்டத்தில் ஒரு கை கொடுத்தவர்கள்தான்.

9. புறவாசல் பேசும் மொழி

தொட்டியோ குழியோ நிறைந்துவிட்டால் மேலே உள்ள மண்ணே சொல்லிவிடும். சுற்றிலும் காய்ந்திருக்க ஒரு இடம் மட்டும் கரும்பச்சையாக இருக்கிறதா? மழை இல்லாத நாளிலும் கால் புதைகிறதா? வாடை வருகிறதா? கழிவறையில் தண்ணீர் ‘களக் களக்’ என்று சத்தம் போட்டு மெதுவாக இறங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் சொல்லி, நகராட்சியிடம் விசாரித்து, உரிமம் உள்ள லாரியை வரவழைக்கச் சொல்லுங்கள். எடுத்த கழிவை ஓடையிலோ குளத்திலோ கொட்டக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பது நம் உரிமை.

10. இந்த வார வீட்டு வேலை

நண்பர்களே, படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். டேப் எடுத்து மூன்று அளவு மட்டும் எழுதி வாருங்கள்.

அ) குழியிலிருந்து கிணறு அல்லது போர் எத்தனை அடி?

ஆ) குழியிலிருந்து மிக அருகில் உள்ள மரம் எது, எத்தனை அடி?

இ) மூடி எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு சுத்தம் செய்தார்கள்?

வகுப்புத் தலைவரிடம் கொடுத்தால், வீட்டுப் பெயர் போடாமல் தெரு வாரியாகத் தொகுத்து அடுத்த தாளில் பட்டியலாக ஒட்டுகிறோம். அறிவியல் ஆசிரியர் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டு அளவுகளை முதல் வரியில் நானே எழுதி வைத்துவிட்டேன்: கிணறு 38 அடி, முருங்கை 30 அடி, மூடி நல்ல நிலை, சுத்தம் செய்தது இந்த ஆண்டு.

‘சுத்தம் சோறு போடும்’ என்பார்கள். சோறு போடும் சுத்தம் புறவாசல் மண்ணில் தொடங்கட்டும்.



— பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவி